ஜொகூருக்கு ஒரு நாள்: பாஸுக்குப் பங்கமில்லாமல் போய்வருவது

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலம். காலையில் போய்க் கண்ணாடிக் கோயிலைப் பார்த்து, மதியம் வாழையிலைச் சாப்பாடு முடித்து, சாயங்காலம் திரும்பிவிடலாம். ஞாயிறு விடுமுறை கிடைத்த தொழிலாளர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பெற்றோரும், மாணவர்களும் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒரு சிக்கலும் வருவதில்லை.

சிக்கல் வருகிறவர்களுக்கு அது போகும்போது வருவதில்லை, திரும்பும்போதுதான் வருகிறது. மலேசியா உள்ளே விடுமா என்று நாலு பேரிடம் விசாரித்திருப்பார்கள். சிங்கப்பூர் மறுபடி உள்ளே விடுமா என்ற கேள்வியே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதனால் இந்த அத்தியாயம் பின்னாலிருந்து முன்னால் போகிறது. எந்தக் காகிதத்தைக் காட்டித் திரும்பி வரப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கொஞ்சம் அடிப்படை

விசா வேறு, பாஸ் வேறு. விசா என்பது எல்லைக்கு வந்து உள்ளே விடும்படி கேட்பதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்வது பாஸ். இந்தியக் கடவுச்சீட்டில் சுற்றுலா வந்தவருக்கு இரண்டும் உண்டு. விசா ஊரிலேயே வாங்கியது. வருகை பாஸ், சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு மின்னஞ்சலில் வந்தது.

அந்த வருகை பாஸ் நீங்கள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறியதும் முடிந்துபோகிறது. முப்பது நாள் கொடுத்து பத்து நாள்தான் கழிந்திருந்தாலும், மிச்ச இருபது நாள் எங்கும் சேமிப்பில் இருக்காது. ஜொகூரில் அரை நாள் இருந்துவிட்டுத் திரும்பினாலும் நீங்கள் புதிதாக வரும் ஒரு பயணிதான். உள்ளே விடுவதும், எத்தனை நாள் கொடுப்பதும் அதிகாரியின் முடிவு.

வேலை பாஸ், மாணவர் பாஸ் போன்ற நீண்டகால அனுமதிகள் அப்படி முடிவதில்லை. அவை செல்லுபடியாகும்வரை போய்வரலாம். கோட்பாடு இவ்வளவுதான்.

முதல் வேலை: நீங்கள் எந்த வகை?

*சுற்றுலா விசாவில் வந்தவர் (இந்தியக் கடவுச்சீட்டு)*

கவனமாக இருக்க வேண்டியவர் இவர்தான். மின்விசாத் தாளை எடுத்து இரண்டு வரிகளைப் படியுங்கள்.

1. பயண வகை. பலமுறைப் பயணம் என்றிருந்தால் மேலே போகலாம். ஒருமுறை என்றிருந்தால் சாங்கியில் இறங்கியபோதே அது செலவாகிவிட்டது. ஜொகூர் போனால் திரும்ப வழியில்லை.
2. விசா முடியும் தேதி. திரும்பி வரும் நாளிலும் விசா உயிரோடு இருக்க வேண்டும்.

இரண்டாவதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஓர் எடுத்துக்காட்டு: அம்மாவின் விசா மார்ச் 20 வரை. மார்ச் 1 அன்று வந்தார். பாஸ் மார்ச் 30 வரை கிடைத்தது. மார்ச் 22 அன்று அவர் சிங்கப்பூரில் இருப்பது முழுக்க முழுக்கச் சட்டப்படியானது. ஆனால் அன்று ஜொகூர் போனால் பாஸ் அங்கேயே முடிகிறது. திரும்பி வர விசா வேண்டும், அது இரண்டு நாள் முன்பே முடிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் பாஸ் தேதியைப் பார்த்துவிட்டு, "இன்னும் எட்டு நாள் இருக்கேம்மா" என்று கூட்டிப்போயிருப்பார்கள்.

வருகை பாஸை நீட்டித்து வாங்கியிருந்தாலும் இதே கதிதான். வெளியேறினால் நீட்டிப்பும் போய்விடும். கெஞ்சிக் கேட்டு வாங்கிய கூடுதல் நாள்களை ஒரு தோசைக்காக விடுவது புத்திசாலித்தனமில்லை.

*வேலை பாஸ் வைத்திருப்பவர்*

ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் எதுவானாலும், பாஸ் செல்லுபடியாக இருந்தால் திரும்பி வரத் தனி விசா வேண்டாம். பாஸ் அட்டையும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால் போதும்.

புதிதாக வந்தவர்கள் மட்டும் பொறுத்திருங்கள். ஐபிஏ எனப்படும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் ஒரே ஒருமுறை உள்ளே வருவதற்கானது. அதைக் காட்டி வந்துவிட்டு, பாஸ் வழங்கப்படும் முன்பே ஜொகூர் போனால் திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ்காரர்களுக்குப் பாஸ் வழங்கப்பட்டதும் அறிவிப்புக் கடிதம் ஒன்று கிடைக்கும். அட்டை வரும்வரை போய்வர அது உதவும். அதற்கும் காலக்கெடு உண்டு, தேதியைப் பாருங்கள்.

ஊரில் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருக்கிறீர்களா? புதிய எண் உங்கள் பாஸ் பதிவில் ஏறியதா என்று முதலாளியிடம் கேட்டு உறுதிசெய்த பிறகு போங்கள்.

*மாணவர் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ், நீண்டகால வருகை பாஸ்*

பாஸ் செல்லுபடியானால் போய்வரலாம். பாஸ் முடியப்போகிற கடைசி வாரத்தில் போவதைத் தவிருங்கள்.

*நிரந்தரவாசி*

இங்கே பார்க்க வேண்டியது மறுநுழைவு அனுமதி. நீல அட்டை கையில் இருக்கிறது என்பதால் பலர் இதை மறந்தே போகிறார்கள். மறுநுழைவு அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் நிரந்தரவாசத் தகுதிக்கே ஆபத்து. ஒரு மணி நேரப் பயணம் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடையாது. ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கிய அனுமதி எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள்.

*இலங்கைக் கடவுச்சீட்டு*

இந்தியருக்கு நேர்மாறு. சிங்கப்பூருக்குச் சுற்றுலா வர இலங்கையருக்கு விசா தேவையில்லை. மலேசியாவுக்குத் தேவை. மலேசிய மின்விசாவை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நண்பர்களோடு சேர்ந்து கிளம்பி, அவர்கள் மட்டும் உள்ளே போக நீங்கள் முகப்பில் நிற்க வேண்டிய நிலை இதனால்தான் வருகிறது.

இவர்கள் போகவே கூடாது

பாஸ் ரத்தாகி, ஊருக்குக் கிளம்பக் குறுகியகால வருகை பாஸில் இருப்பவர்கள். வேலையிட விபத்து இழப்பீட்டுக்காகவோ சம்பளத் தகராறுக்காகவோ ஸ்பெஷல் பாஸில் இருப்பவர்கள். அந்தப் பாஸ் சிங்கப்பூருக்குள் தங்குவதற்கு மட்டுமே கொடுக்கப்படுவது. வெளியேறினால் வழக்கும் அந்தரத்தில் நிற்கும். வேறொரு நாட்டு விசாவைக் காட்டி 96 மணி நேர விசா இல்லாத இடைத்தங்கல் சலுகையில் வந்தவர்களும் ஜொகூர் ஆசையை அடுத்த பயணத்துக்கு ஒத்திவையுங்கள். பாஸ் புதுப்பிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, பழையது முடிய ஓரிரு நாளே இருக்கிறது என்றாலும் அப்படியே.

மூன்று நாள் முன்பிருந்து

1. கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். காலிப் பக்கமும் வேண்டும். "கம்பெனியில் இருக்கு" என்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள். உங்கள் கடவுச்சீட்டை முதலாளி பிடித்துவைக்கச் சட்டம் இடம் தராது.

2. மலேசிய நுழைவு விதியை மறுபடி சரிபாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள்வரை விசா இல்லாமல் போகும் சலுகை 2023 டிசம்பர் 1-இல் தொடங்கியது. 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இது காலவரையறை உள்ள சலுகை என்பதால், போன வருடம் போய்வந்த நண்பரின் பேச்சை மட்டும் நம்பாதீர்கள்.

3. மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்புங்கள். 2024 முதல் இது கட்டாயம். போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் தனியாக ஒன்று. பயண வழி என்ற இடத்தில் 'நிலம்' என்று தேருங்கள். தங்கும் முகவரி கேட்கும்போது பகல் பயணக்காரர்கள் திகைத்து நிற்பார்கள். நீங்கள் போகவிருக்கும் கோயில் அல்லது அங்காடியின் முகவரியைப் போடுங்கள்.

4. திரும்பி வருவதற்கான சிங்கப்பூர் வருகை அட்டை. சுற்றுலா வந்தவர்கள் இதையும் நிரப்ப வேண்டும். சாங்கிக்கு நிரப்பியது இதற்கு ஆகாது. நிரந்தரவாசிகளும் நீண்டகால பாஸ் உள்ளவர்களும் நிலவழியாக வரும்போது நிரப்பத் தேவையில்லை.

5. விசாத் தாள், பாஸ் அட்டை, கடவுச்சீட்டு முதல் பக்கம் மூன்றையும் படமெடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்.

குறிப்பு: இரண்டு வருகை அட்டைகளுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளத்தில் நீங்கள் இருந்தால், தவறான தளத்தில் இருக்கிறீர்கள். இரு நாட்டுக் குடிநுழைவுத் துறைகளின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: கடவுச்சீட்டு எண்ணில் ஆங்கில 'ஓ' எழுத்தையும் சுழியத்தையும் மாற்றிப் போடுவது. அடுத்தது தேதி. சனிக்கிழமைக்கு நிரப்பிவிட்டு ஞாயிறு கிளம்பினால், புதிதாக நிரப்பிக்கொண்டு போங்கள். முகப்பில் நின்று கைப்பேசியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எந்த வழி, எந்த நேரம்

பேருந்து மலிவு. குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து 170, ஜூரோங்கிலிருந்து 160, உட்லண்ட்ஸிலிருந்து 950. கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து காஸ்வே லிங்க் நிறுவனத்தின் மஞ்சள் பேருந்தும் உண்டு. லிட்டில் இந்தியா பக்கம் தங்கியிருப்பவர்களுக்குக் குவீன் ஸ்ட்ரீட் நடைதூரம்.

பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு என் யோசனை ரயில். உட்லண்ட்ஸ் ரயில் சாவடியிலிருந்து ஜொகூர் பாருவின் (ஜேபி) ஜேபி சென்ட்ரல் நிலையம்வரை ஓடும் ஷட்டில் தெப்ராவ் ஐந்து நிமிடத்தில் போய்விடும். போக 5 வெள்ளி, வர 5 ரிங்கிட். போகும்போது இரு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுவதால் படி ஏறி இறங்கும் அலைச்சல் குறைவு. வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் இரு வழிக்கும் சேர்த்து வாங்குங்கள். திரும்பும் சீட்டு, "இன்றே திரும்புகிறேன்" என்பதற்கு மலேசிய அதிகாரியிடம் காட்டவும் உதவும்.

உட்லண்ட்ஸ் நார்த்தையும் புக்கிட் சாகரையும் இணைக்கும் புதிய ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் திட்டம். அது ஓடத் தொடங்கினால், ஏறும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும்.

கார் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: சிங்கப்பூர் வண்டி வெளியேறும்போது எரிபொருள் கலத்தில் முக்கால் பங்கு இருக்க வேண்டும், மலேசிய வாகன நுழைவு அனுமதி வேண்டும், மலேசியாவில் ரான்95 பெட்ரோல் போடக் கூடாது. மற்றவை இந்த அத்தியாயத்தின் எல்லைக்கு வெளியே.

நேரம் பற்றி. வேலை நாள்களில் கூட்டம் விடியற்காலையில் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும், மாலையில் திரும்பிப் போகும். நீங்கள் அதற்கு எதிர்த்திசையில் போவதால் செவ்வாய், புதன் போன்ற நாள்கள் உத்தமம். வெள்ளி மாலை, சனி காலை, ஞாயிறு மாலை, பொது விடுமுறைக்கு முந்தின நாள், பள்ளி விடுமுறை எல்லாம் நெரிசல். ஜொகூர் மாநிலத்தின் வார விடுமுறையும் 2025 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் இரு பக்கத்துக் கூட்டமும் ஒரே நாளில் சேர்கிறது. ஞாயிறு மட்டுமே விடுமுறை கிடைக்கும் தொழிலாளர்கள் காலை ஏழுக்கு முன் சாவடிக்கு வந்துவிட்டு, மதியம் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் திரும்பக் கிளம்பிவிடுங்கள்.

அன்றைய தினம்: நான்கு வாசல்கள்

ஒரு பகல் பயணத்தில் நான்கு இடத்தில் சோதனை: சிங்கப்பூர் வெளியேற்றம், மலேசிய நுழைவு, மலேசிய வெளியேற்றம், சிங்கப்பூர் நுழைவு. நான்கில் ஒன்று விட்டாலும் கணக்கு உதைக்கும். கூட்டத்தோடு நடக்கும்போது எந்த வாசலில் இருக்கிறோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பேருந்தில் போகிறவர்களுக்கு வரிசை இது:

1. பேருந்து உட்லண்ட்ஸ் சாவடியில் நிற்கும். பேருந்துக் கட்டண அட்டையைத் தட்டிவிட்டு, எல்லாப் பொருள்களோடும் இறங்குங்கள். அதே வண்டி உங்களுக்காகக் காத்திராது. இருக்கையில் பையை வைத்துவிட்டு இறங்குவது ஊர்ப் பழக்கம். இங்கே அது செல்லாது.

2. முதல் வாசல். கடவுச்சீட்டிலோ, சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் எடுத்த கியூஆர் குறியீட்டிலோ கடக்கலாம். இது வெளியேறும் இடம். விசா, பாஸ் பற்றிச் சந்தேகம் இருந்தால் இதற்கு முன்பே நின்றுவிடுங்கள். இதைக் கடந்தபின் மலேசியா உங்களைத் திருப்பி அனுப்பினாலும் உங்கள் பழைய வருகை பாஸ் உயிர்த்தெழாது.

3. கீழே இறங்கி, உங்கள் எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏறுங்கள். காஸ்வே லிங்க் சீட்டு வாங்கியிருந்தால் அதைக் கசக்கி எறியாமல் வைத்திருங்கள். பாலத்தில் வண்டிகள் அசையாமல் நிற்கும் நாள்களில் சிலர் இறங்கி நடப்பார்கள். லாரிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே, குழந்தையோடு அதைச் செய்யாதீர்கள்.

4. இரண்டாம் வாசல், சுல்தான் இஸ்கந்தர் கட்டடம். மலேசிய வருகை அட்டையின் உறுதிப்பாட்டைக் கைப்பேசியில் திறந்து வையுங்கள். கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள்: ஒரு நாள், கோயிலும் கடைகளும், மாலையில் திரும்புகிறேன். வேலை தேடி வருவதாகத் தோன்றும் பேச்சு வேண்டாம். முத்திரை குத்தினால், நகருமுன் தேதியைப் பாருங்கள். தானியங்கி வாசலில் போனால், வாசல் திறந்து நீங்கள் கடந்ததும் பதிவாகிவிடும். திறக்காமல் பக்கவழியாக யாராவது கைகாட்டினால் போகாதீர்கள், அதிகாரியிடம் கேளுங்கள். நுழைந்ததற்குப் பதிவில்லாமல் மாலையில் வெளியேற முயல்வது பெரிய தலைவலி.

5. திரும்பும்போது ஜேபி சென்ட்ரல் பக்கமிருந்து அதே கட்டடத்துக்குள் வந்து, உட்லண்ட்ஸ் என்று எழுதிய பலகையைப் பின்தொடருங்கள். மூன்றாம் வாசலைக் கடந்து, எண் பார்த்துப் பேருந்து ஏறுங்கள்.

6. நான்காம் வாசல். பாஸ் உள்ளவர் அட்டையைக் கையில் வைத்திருக்கட்டும். சுற்றுலா வந்தவர் மின்விசாத் தாளையும் ஊருக்குத் திரும்பும் விமானச் சீட்டையும் அச்செடுத்து வைத்திருக்கட்டும்.

7. சுற்றுலா வந்தவர்களுக்கு மட்டும்: அன்றிரவே மின்னஞ்சலைத் திறந்து, புதிய வருகை பாஸில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய தேதி இனிச் செல்லாது. விமானச் சீட்டு புதிய தேதிக்குப் பின்னால் போகிறது என்றால் உடனே குடிநுழைவு ஆணையத்தை அணுகுங்கள், அல்லது சீட்டை மாற்றுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: கியூஆர் வசதி வந்தபிறகு கடவுச்சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது. சிங்கப்பூர் வாசலைக் குறியீட்டில் கடந்துவிடலாம். மலேசிய வாசலில் கடவுச்சீட்டு கேட்பார்கள்.

ஜொகூரில் கையில் இருக்கும் சில மணி நேரம்

இது சுற்றுலா அத்தியாயம் இல்லை என்பதால் இரண்டு வரி. சாவடியிலிருந்து நடைதூரத்தில் உங்கு புவான் சாலை, அங்கே ராஜமாரியம்மன் கோயில், சுற்றிலும் தமிழ்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும். சுவரும் தூணும் கண்ணாடிச் சில்லுகளால் மின்னும் ராஜகாளியம்மன் கோயில் சற்றுத் தள்ளி. வெயிலில் பெற்றோரோடு என்றால் கிராப் வண்டி பிடியுங்கள். கடவுச்சீட்டு கைப்பைக்குள் போகக் கூடாது. சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி இருக்கட்டும். சாலையோரம் நடக்கும்போது கைப்பை, கைப்பேசி இரண்டையும் வண்டி போகும் பக்கம் தொங்கவிடாதீர்கள்.

திரும்பும் பையில் என்ன இருக்கிறது?

பாஸைக் கெடுக்கும் இரண்டாவது வழி சுங்கம். இங்கே நம் ஆட்களுக்கென்றே சில பொறிகள் இருக்கின்றன.

கசகசா. ஜொகூர் மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், குருமாவுக்கு என்று வாங்கத் தோன்றும். அதில் மார்ஃபின் கலந்திருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தடை. அந்தப் பொட்டலத்தோடு நின்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

வேப். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டவர் திரும்பத் திரும்பச் சிக்கினால் பாஸும் போகும். "நண்பனுடையது, பையில் வைக்கச் சொன்னான்" என்பது பதிலாகாது. யாருடைய பையையும், பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு எல்லை கடக்காதீர்கள், ஒரே அறையில் தூங்குகிறவராக இருந்தாலும். போதைப்பொருள் கடத்தலுக்கு இரு நாட்டுச் சட்டத்திலும் மரண தண்டனைவரை உண்டு.

சிகரெட்டுக்குச் சுங்கச் சலுகை கிடையாது, ஒற்றைச் சிகரெட்டுக்கும் கிடையாது. மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவுக்கும் இல்லை. சூயிங்கம் வேண்டாம். தீபாவளி நெருங்கும்போது ஜொகூரில் கண்ணில் படும் பட்டாசும் வேண்டாம். இறைச்சி, முட்டை வாங்குமுன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் வரம்புகளைப் பாருங்கள்.

இனி வரி. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டு வரும் பயணிக்கு 100 வெள்ளி வரையிலான பொருளுக்குப் பொருள் சேவை வரி இல்லை. அதற்கு மேல் 9 விழுக்காடு. ஆனால் ஒர்க் பெர்மிட், எம்ப்ளாய்மெண்ட் பாஸ், மாணவர் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ், நீண்டகால பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. "நூறு வெள்ளிக்குள்தானே" என்று பச்சை வழியில் நடந்துபோகிற நம்மவர் பலருக்கு இது தெரியாது. ரசீதுகளை வைத்திருங்கள், சந்தேகம் இருந்தால் சிவப்பு வழியில் போய்க் கேளுங்கள். தானாக வந்து கேட்டவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை.

"ஜேபி போய்வந்தால் முப்பது நாள் புதுசா கிடைக்கும்"

பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பாட்டியை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ள, அக்கம்பக்கத்தில் சொல்லித்தரும் வழி இது. சிலருக்குப் பலித்திருக்கலாம். அதை நம்பித் திட்டம் போடுவது சரியில்லை. புதிய நாள்களைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதிகாரிக்கு இல்லை. குறைத்துக் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். தங்கும் காலத்தை நீட்டவே போய்வந்தது போலத் தெரிந்தால் அடுத்தமுறை விசா விண்ணப்பத்திலும் அது எதிரொலிக்கும். கூடுதல் நாள் வேண்டுமென்றால் பாஸ் முடியுமுன் இணையத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தபின், முன்பு சொன்னதுபோல, ஜொகூர் பக்கம் தலைவைக்காதீர்கள்.

ஏதாவது தவறினால்

*நேரமாகிவிட்டது, ரயில் போய்விட்டது.* பதற வேண்டாம். சாவடி இரவு பகலாகத் திறந்திருக்கும். பேருந்தோ டாக்சியோ பிடித்து வரலாம். பாஸோ விசாவோ அன்று நள்ளிரவோடு முடிகிறவர்கள்தான் பதற வேண்டும். அவர்கள் கிளம்பியிருக்கவே கூடாது.

*கடவுச்சீட்டு தொலைந்துவிட்டது.* ஜொகூர் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். இந்தியத் தூதரகம் இருப்பது 300 கிலோமீட்டருக்கு அப்பால், குவாலாலம்பூரில். அங்கே அவசரச் சான்றிதழ் தருவார்கள், ஆனால் அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே. சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டுமானால் புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். முதலாளிக்கும் வீட்டுக்கும் உடனே சொல்லுங்கள். வேலைக்கு வராத நாள்களுக்குக் காரணம் எழுத்தில் இருக்கட்டும்.

*விபத்து, உடல்நலக் குறைவு.* மலேசியாவில் 999. உங்கள் நிறுவனக் காப்பீடு எல்லைக்கு அப்பால் செல்லுமா என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது. பெற்றோரின் அன்றைய மருந்தை மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை இருந்தால் சீட்டு கட்டாயம்.

*நான்காம் வாசலில் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.* கேட்டதற்கு மட்டும், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பாஸ் எண், வீட்டு முகவரி, முதலாளி அல்லது பிள்ளைகளின் தொலைபேசி எண் தாளில் எழுதியிருந்தால் கைப்பேசி அணைந்துபோனாலும் சமாளிக்கலாம். பெரும்பாலும் விவரம் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள். நுழைவு மறுத்தால் மலேசியாவுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அந்த வாசலில் சண்டையோ அழுகையோ பயன்தராது. மறுத்த காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சிங்கப்பூரில் இருப்பவர் மூலம் குடிநுழைவு ஆணையத்தில் விசாரியுங்கள். அது சரியாகாவிட்டால் ஜொகூரிலிருந்து பேருந்தில் குவாலாலம்பூர் போய், சென்னைக்கோ திருச்சிக்கோ நேரடி விமானம் பிடிக்கலாம். பெட்டி படுக்கை சிங்கப்பூரிலேயே இருக்கும் என்பதால், அதைக் கொண்டுவந்து தர எல்லை தாண்டக்கூடிய உறவினர் ஒருவர் வேண்டும், அவருடைய பாஸ் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.